ஒரு பல்லின் குறைக்குப் பத்துப் பல்லைச் சீவ வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு 29 வயது. 14 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை இடது முன்பல்லின் ஓரம் உடைந்தது. பல் நிறத்திலேயே அடைத்தார்கள். அந்த அடைப்பை இதுவரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கடந்த நான்கைந்து ஆண்டுகளாக அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாறி வருகிறது. வலி எதுவும் இல்லை. நடு இரண்டு பற்களுக்கு இடையே சிறுவயதிலிருந்தே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அது இப்போது முன்பைவிட அகன்றிருப்பதாகத் தோன்றுகிறது. மற்ற பற்கள் லேசான மஞ்சள்.

வேலை பெரும்பாலும் வீடியோ அழைப்புகளில் நடக்கிறது. திரையில் தன் பற்களையே பார்த்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டார். ஒரு கிளினிக்கில் மேல்வரிசையின் பத்துப் பற்களுக்கும் வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போடச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நாளில், இரண்டு முறை வந்தால் முடிந்துவிடும், ‘சுற்றிலும் மூடுகிற வெனீர்’ என்பதால் கழன்று விழாது, வாழ்நாள் முழுவதும் இருக்கும், இந்த மாதத்துக்குள் என்றால் தள்ளுபடி உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. அம்மாவோ ‘நல்ல பல்லைத் தொடாதே’ என்கிறார்.

கடிதத்தின் கடைசியில், ‘இதெல்லாம் சின்ன விஷயம்தான்’ என்று மூன்றைச் சேர்த்திருக்கிறார்: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக அக்கா சொல்கிறார், காலையில் எழுந்தால் தாடை இறுகியிருக்கிறது. அவருடைய கேள்வி: “பிடிக்காவிட்டால் வெனீரை எடுத்துவிட்டுப் பழைய பல்லோடு இருந்துகொள்ளலாம்தானே? பத்துக்கும் போட்டுக்கொள்ளலாமா?”

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சின்ன விஷயம் என்று கடைசியில் எழுதிய மூன்றும்தான் இந்தக் கடிதத்தில் பெரிய விஷயங்கள். அவற்றோடு அந்தச் சாம்பல் நிறப் பல்லும். பத்து வெனீரைப் பற்றி முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இன்னும் இல்லை. ஏனென்றால் அந்த முடிவுக்குத் தேவையான பரிசோதனை எதுவும் நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எக்ஸ்ரே எடுத்ததாக எழுதவில்லை, ஈறை அளந்து பார்த்ததாக எழுதவில்லை, நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்ததாகவும் எழுதவில்லை. நிறம் மட்டும் தேர்வாகியிருக்கிறது.

உங்கள் வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. முன்பல்லில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் யாருக்கும் கை தானாக வாயை மறைக்கப் போகும். அதைச் சரிசெய்ய நினைப்பது வெறும் அழகு மோகம் இல்லை. ஆனால் உங்களுக்குக் குறையுள்ள பல் ஒன்று. இடைவெளியையும் சேர்த்தால் இரண்டு. மீதி எட்டும் லேசாக மஞ்சளாக இருக்கும் நல்ல பற்கள். லேசான மஞ்சள் நோயல்ல. பல்லின் கடினமான வெளி உறையான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் இயல்பான நிறமே அதுதான்.

முதலில் உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன்.

“எடுத்துவிட்டுப் பழையபடி இருக்கலாம்தானே?”

இருக்க முடியாது. வெனீரை நகப்பூச்சு மாதிரியோ ஸ்டிக்கர் மாதிரியோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பீங்கான் வெனீர் என்பது பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு. அது உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பல்லின் முன்பக்கத்தை ஏறக்குறைய அதே அளவுக்குச் சீவுகிறார்கள். நுனியில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைகூடக் குறைப்பதுண்டு. ஒட்டிய பிறகு அதை உரித்து எடுக்க வழியில்லை. பெரும்பாலும் சுழலும் வைர முனையால் அரைத்துத்தான் நீக்க வேண்டும். நீக்கினால் அடியில் இருப்பது உங்கள் பழைய பல் அல்ல, சீவப்பட்ட பல். அதன் மேல் மறுபடியும் ஏதாவது ஒன்றை ஒட்டியே ஆக வேண்டும்.

எனாமல் திரும்ப வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. மேல் நடுப்பல்லின் முன்பக்கத்தில் எனாமல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கிடையாது. நடுப்பகுதியில் 0.6 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈறை ஒட்டிய இடத்தில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அங்கே கை கொஞ்சம் ஆழமாகப் போனாலும் டென்டின் வந்துவிடும். வெனீர் நிலைத்து நிற்பதும் நிற்காததும் பெரிதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. பீங்கான் எனாமலைப் பிடிக்கும் பிடி உறுதியானது, பல ஆண்டு தாங்கும். டென்டின் ஈரமானது, நுண்குழாய்கள் நிறைந்தது. அங்கே பிடி நாளாக ஆகத் தளரும், பல்லும் கூசும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் “எத்தனை மில்லிமீட்டர் சீவுவீர்கள், எனாமலுக்குள்ளேயே நிற்குமா?” என்று கேளுங்கள். நல்ல பல் மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பல்லின் படத்தைக் காட்டி விளக்குவார்.

“சீவவே வேண்டாத வெனீர்” என்றும் ஒன்று உண்டு. பல் சிறியதாகவோ சற்று உள்வாங்கியோ இருந்தால் அது பொருந்தும். சாதாரண அளவுள்ள பல்லின் மேல் ஒட்டினால் பல் தடித்துத் தெரியும், ஈறு ஓரத்தில் படி மாதிரி ஒரு மேடு நிற்கும், அதில் அழுக்குத் தங்கும்.

‘சுற்றிலும் மூடுகிற வெனீர்’ என்பது வெனீரே அல்ல

பல்லின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று சுற்றிலும் சீவி, தொப்பி மாதிரி மாட்டினால் அதன் பெயர் கிரவுன். நாம் கேப் என்று சொல்வது. பெயரை மாற்றிச் சொல்வதால் சீவும் அளவு மாறிவிடாது. முன்பல்லுக்கு வெனீர் போடும்போது, வடிவத்தைப் பொறுத்து, வெளியே தெரியும் பல் பகுதியில் சுமார் 3 முதல் 30 சதவீதம் வரை போகும். முழுக் கிரவுனுக்கு 60 முதல் 70 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். மிஞ்சுவது ஒரு சின்ன முளைக்குச்சி. அவ்வளவு சீவும்போது நரம்பு சூட்டாலும் அதிர்ச்சியாலும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். சில பற்கள் உடனே இல்லாவிட்டாலும் சில ஆண்டுகள் கழித்து ரூட் கெனாலுக்கு (நரம்பை எடுத்து வேரை நிரப்பும் சிகிச்சை) வந்து நிற்கும்.

கிரவுன் கெட்ட சிகிச்சை என்று சொல்ல வரவில்லை. பெரிய அடைப்பு போட்ட, பாதி உடைந்த பல்லுக்கு அதுதான் காப்பு. சொத்தையே இல்லாத 29 வயதுப் பற்கள் எட்டுக்கு அதை மாட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அம்மா சொன்னது இந்த இடத்தில் சரி. கிளினிக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: “பல்லின் பின்பக்கம் முழுவதையும் சீவுவீர்களா?” ஆம் என்றால் அது கிரவுன்.

அந்தச் சாம்பல் நிறப் பல்

அடிபட்ட பல் நிறம் மாறுவதில் இரண்டு வகை உண்டு. மஞ்சள் கூடிக்கொண்டு போனால், உள்ளே நரம்பு இருக்கும் அறை சுண்ணாம்பு படிந்து சுருங்கியிருக்கலாம்; தொற்றின் அறிகுறி இல்லாத வரை அந்தப் பல்லைக் கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். சாம்பலோ கறுப்போ ஆனால் நரம்பு இறந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அடிபட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் இது தெரியவரும். வலி இல்லாதது நல்ல அறிகுறி என்று நினைத்துவிடாதீர்கள். இறந்த நரம்பு வலிக்காது. வேர் நுனியில் எலும்பு மெல்லக் கரைவதும் பல நேரம் வலிக்காமலேயே நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. சின்னப் பஞ்சு உருண்டையில் குளிரூட்டும் ஸ்பிரே அடித்து, முதலில் பக்கத்து நல்ல பல்லில் வைப்பார்கள். சுரீரென்று கூசும், பஞ்சை எடுத்த சில விநாடிகளில் நின்றுவிடும். பிறகு சந்தேகப் பல்லில் வைப்பார்கள். அங்கே ஒன்றுமே தெரியாமல் போனால் ஓரளவு விடை கிடைத்துவிட்டது. பல்லின் மேல் லேசாகத் தட்டிப் பார்ப்பதும், வேர் நுனி தெரியும்படி ஒரு சின்ன எக்ஸ்ரே எடுப்பதும் அதை உறுதி செய்ய உதவும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது.

இதைச் செய்யாமல் வெனீர் ஒட்டினால் என்ன ஆகும்? மெல்லிய பீங்கான் ஒளியை ஊடுருவ விடும். அதுதான் அதன் அழகு. அடியில் கறுத்த பல் இருந்தால் அந்தச் சாம்பலும் சேர்ந்து வெளியே தெரியும். மறைக்க வேண்டும் என்றால் ஓடு தடிமனாக வேண்டும், ஓடு தடிக்கப் பல் அதிகம் சீவப்பட வேண்டும். பிறகு ஒருநாள் வேர் நுனியில் சீழ் கட்டினால், புதிதாக ஒட்டிய பல்லையே பின்பக்கம் துளைத்து ரூட் கெனால் செய்ய வேண்டியிருக்கும்.

நரம்பு இறந்துவிட்டது என்று தெரிந்தால் வரிசை வேறு. முதலில் ரூட் கெனால். அடுத்து உள்ளிருந்து வெளுப்பது. வேருக்குள் நிரப்பிய பொருளை ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை எடுத்து, அதன் மேல் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சிமென்ட் தடுப்பு வைத்து, மேலே சோடியம் பெர்போரேட் பசையை அடைத்து மூடி அனுப்புவார்கள். ஏறக்குறைய வாரம் ஒருமுறை மாற்றி, இரண்டு முதல் நான்கு முறை செய்தால் பெரும்பாலான பற்கள் நன்றாகத் தெளிந்துவிடும். அந்தத் தடுப்பை மட்டும் விடக்கூடாது. அது இல்லாமல் ரசாயனம் வேரின் கழுத்து வழியே கசிந்தால், அரிதாக, வேர் வெளியிலிருந்து அரிக்கப்படும். உள்ளே சூடு வைத்து வெளுக்கும் பழைய முறையில் இந்த ஆபத்து கூடுதல். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பக்க எனாமலை ஒரு இழைகூடத் தொடாமல் உங்கள் கடிதத்தின் முக்கியக் குறை இங்கேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடலாம்.

ரத்தமும் அகலும் இடைவெளியும்

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் ஈறு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு இடைவெளி அகன்று வருகிறது என்றால், பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்து பல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். 29 வயதில் அது பரவலாக நடப்பதில்லை, ஆனாலும் நடப்பதுண்டு. ஒரு மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு ஆழம் அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4, 5 என்று எண் ஏறினால், ரத்தமும் வந்தால், முதலில் வைத்தியம் ஈறுக்குத்தான்.

வீங்கிய ஈறோடு வெனீர் போட்டால் இரண்டு கோளாறு வர வாய்ப்பு அதிகம். ஒட்டும்போது ரத்தமும் கசிவும் பட்டு, ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. சில மாதத்தில் அங்கே பழுப்புக் கோடு விழும், பிறகு சொத்தை. பீங்கானுக்குச் சொத்தை வராது, அது முடியும் ஓரத்தில் இருக்கும் பல்லுக்கு வரும். இரண்டாவது, வீக்கம் வற்றியதும் ஈறு ஏறிவிடும். இன்று ஈறுக்குள் மறைத்து வைத்த விளிம்பு நாளை வெளியே தெரியும். அதனால் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை நீக்கிச் சுத்தம் செய்வது) செய்து, தினமும் பற்களுக்கு இடையே நூலால் சுத்தம் செய்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஈறை மறுபடி அளந்து, ரத்தம் நின்ற பிறகே எதுவும். ஐந்து நாளில் முடிக்கிற திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கணினி இயந்திரத்தில் பீங்கானை ஒரே நாளில் செதுக்க முடியும் என்பதால் வேகம் மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் ஈறு ஆறுகிற வேகத்தை எந்த இயந்திரமும் கூட்டாது.

இரவில் பல் கடிப்பது

தூக்கத்தில் கடிக்கும்போது விழும் அழுத்தம் மெல்லும்போது விழுவதைவிடப் பல மடங்காக இருக்கலாம். அதுவும் பக்கவாட்டில் உரசும். மெல்லிய பீங்கான் நேர் அழுத்தத்தைத் தாங்கும். நுனியைப் பிடித்து வளைக்கிற விசைதான் அதற்கு ஆகாது. உங்கள் முன்பல் அடைப்பு இரண்டு முறை போனதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம். கண்ணாடியில் பாருங்கள்: மேல், கீழ் முன்பற்களின் நுனி வெட்டினாற்போல் தட்டையாக இருக்கிறதா? கோரைப்பல்லின் கூர் மழுங்கியிருக்கிறதா? நாக்கின் ஓரத்தில் பல் தடம் அலையலையாகப் பதிந்திருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

அளவெடுத்துச் செய்த கெட்டியான நைட் கார்ட் (இரவில் பல்லில் மாட்டும் உறை) பல் கடிப்பதை நிறுத்தாது, பல்லைக் காக்கும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற மெத்து வகை சிலருக்குக் கடிப்பதை அதிகமாக்கிவிடும். தூக்கத்தில் குறட்டையும், பகலில் அசதியும் இருந்தால் மூச்சுத்தடை பற்றி ஒரு பொது மருத்துவரிடம் கேளுங்கள். பல் கடிப்பதும் மூச்சுத்தடையும் சேர்ந்து வருவதுண்டு.

நிலைக்கும் காலம், பிற தவறான நம்பிக்கைகள்

“வாழ்நாள் முழுவதும் இருக்கும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனாமலின் மேல் நன்றாக ஒட்டிய பீங்கான் வெனீர் பத்து ஆண்டுக்குப் பிறகும் பெரும்பான்மையாக நிற்கிறது. 10 முதல் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலும் சில போகும். உங்களுக்கு 29. எழுபது வயது வரை கணக்குப் போட்டாலே பத்துப் பல்லுக்கும் இரண்டு முதல் நான்கு முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பழையதை அரைக்கும்போது பல்லும் சேர்ந்து கொஞ்சம் போகும். இன்றைய செலவை மட்டும் பார்த்துத் தள்ளுபடியை எடைபோடாதீர்கள்.

வெனீரைப் பின்னால் வெளுக்க முடியாது. ப்ளீச் பீங்கானை மாற்றாது. வெளுப்பது என்றால் முன்னாலேயே வெளுத்து, அந்த நிறத்துக்குப் பொருத்தமாகத்தான் பீங்கானோ காம்போசிட்டோ (பல் நிறப் பிசின் அடைப்பு) செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். வெளுத்த பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசை இறுகுவதைக் கெடுக்கும். உடனே ஒட்டினால் பிடி பலவீனமாகும்.

இன்னொன்று, வீடியோ திரை. கேமராவுக்கு மேலே விளக்கு இருந்தால் மேலுதட்டின் நிழல் பல்லில் விழும். மஞ்சள் விளக்கு பல்லை மேலும் மஞ்சளாக்கும். உங்கள் பற்களின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னலோரமாக, கைக்கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். திரையில் பார்த்த நிறத்தை வைத்து எட்டு நல்ல பற்களுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை

1. எக்ஸ்ரே, குளிர்ச் சோதனை, ஈறு அளவு, கடி பரிசோதனை. இது எந்தக் கிளினிக்கிலும் நடக்கலாம்.

2. ஸ்கேலிங். தேவையானால் அந்த ஒரு பல்லுக்கு ரூட் கெனாலும் உள் வெளுப்பும்.

3. மற்ற பற்களின் மஞ்சள் இன்னும் உறுத்தினால், அளவெடுத்த தட்டில் 10 சதவீதக் கார்பமைட் பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் போட்டுக்கொள்வது. பொதுவாக இரண்டு வாரம் பிடிக்கும். பல் கூசினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம்.

4. இரண்டு வாரம் கழித்து, உடைந்த ஓரத்துக்கும் இடைவெளிக்கும் காம்போசிட். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்றால், இரண்டு பற்களிலும் அரை மில்லிமீட்டர் சேர்த்தால் மூடிவிடும். சீவல் இல்லை அல்லது மிகக் குறைவு. அதைவிடப் பெரிய இடைவெளியை இப்படி மூடினால் பல் அகலமாகிவிடும். அப்போது கிளிப்போ அலைனரோ (கழற்றி மாட்டக்கூடிய தெளிவான உறை) போட்டுப் பல்லை நகர்த்துவதுதான் முறை, பிறகு பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பி ஒட்டி நிறுத்த வேண்டும்.

5. நைட் கார்ட்.

காம்போசிட்டுக்கும் குறை உண்டு. பீங்கானைவிடச் சீக்கிரம் மங்கும், காப்பி, தேநீர், புகையிலைக் கறை பிடிக்கும். ஐந்து முதல் ஏழு ஆண்டில் புதுப்பிக்க வேண்டியிருக்கும், நடுவில் மெருகேற்றவும் வேண்டும். ஆனால் உடைந்தால் உடைந்த இடத்தில் மட்டும் சேர்க்கலாம். உங்கள் வயதுக்கும் உங்கள் கடிக்கும் அதுவே பாதுகாப்பான முதல் படி.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் போன பிறகும் அந்தப் பல் மனதுக்கு ஒப்பவில்லை என்றால், அப்போது வெனீர் பற்றிப் பேசலாம். ஒன்றோ இரண்டோ. ஒன்று என்பதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்: பக்கத்து இயற்கைப் பல்லுக்குச் சரிநிகராக ஒரே ஒரு நடுப்பல்லைச் செய்வதுதான் பல் லேபின் மிகக் கடினமான வேலை. அதனால் சில டாக்டர்கள் நடு இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்பார்கள். அது நியாயமான யோசனைதான். இரண்டு, பத்து ஆவதுதான் நியாயமில்லை.

பல பற்களுக்கு வெனீர் தகுந்த சிகிச்சையாகும் இடங்களும் இருக்கின்றன. சிறுவயதில் எடுத்த டெட்ராசைக்ளின் மருந்தால் ஆழமாகப் படிந்த சாம்பல் பட்டைகள், ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் குழிவிழுந்த எனாமல், பிறவியிலேயே எனாமல் குறைபாடு, முன்பற்கள் எல்லாவற்றிலும் பெரிய பழைய அடைப்புகள் என்றால் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் பற்கள் அந்த வகையில் இல்லை.

வெனீர்தான் என்று முடிவானால் கேட்டுப் பெற வேண்டியவை

நிறத்தைப் பல் ஈரமாக இருக்கும்போது, வேலை தொடங்கும் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து வைத்தால் சில நிமிடங்களில் பல் உலர்ந்து வெளுத்துவிடும். அந்த நிறத்துக்குச் செய்த ஓடு மறுநாள் உங்கள் பல்லோடு சேராது.

சீவும் முன் மாதிரி வேண்டும். லேபில் மெழுகில் செய்த வடிவத்தை ஒரு சிலிக்கோன் அச்சாக எடுத்து, அதில் பல் நிறத் தற்காலிகப் பொருளை நிரப்பி உங்கள் பல்மேல் அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகும். ஒரு பல்லும் சீவப்படாமல் புது வடிவம் வாயில் இருக்கும். அதோடு பேசிப் பாருங்கள். ‘வந்தவர் விவரம் விசாரித்தார்’ என்று சொல்லுங்கள்: ‘வ’ சொல்லும்போது மேல்பல் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை லேசாகத் தொட வேண்டும். உதட்டில் இடித்தால் பல் நீளம் அதிகம். ‘சரசரவென்று’ என்று சொல்லும்போது காற்று சீறினாலும் வடிவத்தில் கோளாறு. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். முன்பல் அரை மில்லிமீட்டர் நீண்டாலே சொல் தடுமாறும். படம் எடுத்துக்கொண்டு வீட்டில் காட்டி, இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். அந்த மாதிரியின் மேலேயே அளவுகோடு போட்டுச் சீவினால் தேவைக்கு மேல் சீவ நேராது.

எந்தப் பொருள் என்று கேளுங்கள். லித்தியம் டைசிலிகேட், ஃபெல்ட்ஸ்பாத்திக் பீங்கான் இரண்டிலும் கண்ணாடித் தன்மை உண்டு. உட்புறத்தை அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற இணைப்புத் திரவத்தைப் பூசினால் பசை நன்றாகக் கவ்வும். சிர்கோனியா உறுதியானது, ஆனால் அந்த அமிலம் அதில் வேலை செய்யாது. மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, தனி ப்ரைமர் பூச வேண்டும். அதை விட்டுவிட்டால் மெல்லிய ஓடு கழன்று வரும்.

ஒட்டும் முன் சோதனைப் பசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டும் நேரத்தில் எச்சில் படாமல் ரப்பர் விரிப்போ பஞ்சுத் தடுப்போ போட வேண்டும். முடிந்ததும் ஓரத்தில் நூல் கிழியாமல் போய் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நூல் சிக்கினால் பசை மிச்சம் இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் ஈறு சிவந்தே இருந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிறகு நகம் கடிப்பது, பல்லால் மூடி திறப்பது கூடாது. கரித்தூள் பற்பசையைத் தவிருங்கள். கிளினிக்கில் ஃபுளோரைடு வைத்தால் அமிலம் கலந்த ஜெல் வேண்டாம், நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு வையுங்கள் என்று சொல்லுங்கள். அமில ஜெல் பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். ஓடு முழுதாகக் கழன்றால் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி எடுத்துப் போங்கள், பெரும்பாலும் மறுபடி ஒட்ட முடியும். வீட்டுப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் ஓடு உடையும்.

முன்பணமும் உங்கள் உரிமையும்

பணம் கட்டிவிட்டதால் பல்லைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், சீவத் தொடங்குவதற்கு முந்தைய நிமிடம் வரையிலும் நீங்கள் திரும்பப் பெறலாம். மருத்துவ நெறி அதை ஒப்புகிறது. பணம் எவ்வளவு திரும்பும் என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளையும் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது; தாளை எடுத்துப் படியுங்கள். திரும்பாமலே போனாலும் பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம், எனாமலைச் சம்பாதிக்க முடியாது. எக்ஸ்ரே, படங்கள், சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். அந்தக் கிளினிக்கோடு தொடர்பில்லாத, முன்பல் சீரமைப்பில் அனுபவமுள்ள இன்னொரு பல் மருத்துவரிடம் அவற்றைக் காட்டுங்கள். மாதக் கடைசி என்பது விற்பனைக்கு உரிய கெடு, உங்கள் பல்லுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. உங்களுக்கு அவசரம் இருக்கிறது என்றால் அது அந்தச் சாம்பல் பல்லின் எக்ஸ்ரேக்கு மட்டும்தான். அதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போன் செய்வது சங்கடமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: “மேல் இடது முன்பல்லுக்கு எக்ஸ்ரேயும் நரம்புச் சோதனையும், வாய் முழுக்க ஈறு அளவும் இப்போது வேண்டும். வெனீர் தேதியை நிறுத்தி வையுங்கள்.” வேறு காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, ஈறின் எண்கள் என்ன என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த படியை அதை வைத்துப் பேசலாம்.